கேட்க ஒன்றுமில்லை, நன்றி சொல்லத்தான் வந்தோம்

அப்பா மறுபடியும் எழுந்து நடந்தால் வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நடந்து வருகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்திருந்தார். அப்பா எழுந்துவிட்டார். ஆனால் இதற்குள் அம்மாவின் மூட்டு தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டிய நிலை. "உனக்குப் பதிலா நான் நடக்கிறேன்மா" என்றேன். சரி என்று சொல்ல அவருக்கு மனமில்லை. நேர்ந்துகொண்டவர் அவர் அல்லவா என்ற தவிப்பு. கடைசியில் பங்குத்தந்தைதான், "மகள் நடக்கட்டும், நீங்க ஜெபமாலை சொல்லிக்கிட்டே கூடப் போங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

அப்பா தையல்காரர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கால் மெதுவாகத் திரும்பியது. பேச்சு பாதி திரும்பியது. வலது கை மட்டும் இன்னும் கத்தரிக்கோலைப் பிடிக்கவில்லை. தையல் இயந்திரத்தின் மேல் போட்ட துணி அப்படியே கிடக்கிறது. முழுக்கக் குணமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் நன்றி சொல்லப் போகவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் அப்பா பேச்சில்லாமல் கிடந்த நாட்களிலேயே அம்மா நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரவு படுக்கும் முன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி இறங்குச்சு, நன்றி ஆண்டவரே. என்னைப் பார்த்து முழிச்சாரு, நன்றி ஆண்டவரே" என்று வரிசையாகச் சொல்வார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் ஒண்ணுமே சரியாகலையேம்மா, அதுக்குள்ள என்ன நன்றி?" என்று கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கு லாசர் நினைவுக்கு வந்தார். பெத்தானியாவில் கல்லறைக் கல்லை அகற்றிவிட்டார்கள், இறந்தவர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறார். அப்போதே இயேசு அண்ணாந்து பார்த்துத் தந்தைக்கு நன்றி சொல்கிறார். "லாசரே, வெளியே வா" என்று கூப்பிட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை எத்தனையோ அடக்கத் திருப்பலிகளில் கேட்டிருந்தாலும், இந்த வரிசை என் மனதில் தைத்தது அந்தக் கட்டிலருகில்தான்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அது முடிந்த மறுநாள் போய்ச் சேருவது போலக் கிளம்பினோம். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பேருந்து மாறி மாறிப் போனோம். நாகப்பட்டினத்தை நெருங்க நெருங்கச் சாலையோரம் முழுக்கக் காவி உடை. சிறு சப்பரத்தில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு, கால் வீங்கி, துணி சுற்றிய பாதத்தோடு நடக்கிறார்கள். பேருந்தில் உட்கார்ந்து போகவே கூச்சமாக இருந்தது. அப்பா ஜன்னல் வழியாக ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்து இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டே வந்தார்.

வேளாங்கண்ணியில் இறங்கிய நிமிடத்தில் இருந்து பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். "ரூம் வேணுமா, ரூம் வேணுமா" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அப்பாவின் பையைக் கேட்காமலேயே தூக்கிக்கொண்டு நடந்தார். காட்டிய அறை மூன்றாவது மாடியில். கைத்தடியோடு வந்திருக்கும் மனிதரைப் பார்த்துவிட்டும் மாடிப்படியைக் காட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது? திருவிழாக் காலத்தில் வாடகையை வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் தரைத்தள அறையை முன்பே ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். மாதாவைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். அவர்களிடம் இப்படி நடந்துகொள்வது என்னால் தாங்க முடியாத ஒன்று.

காணிக்கை உருவம் வாங்கப் போன இடத்திலும் ஒரு சங்கடம். தகட்டில் செய்த கண், கை, கால், இதயம், வீடு, தொட்டில் என்று பரப்பி வைத்திருக்கிறார்கள். அம்மா கால் உருவம் ஒன்றை எடுத்தார். கடைக்காரர் அப்பாவின் மடங்கிய கையைப் பார்த்துவிட்டு, "கையும் சேர்த்துப் போடுங்கம்மா, அப்பத்தான் அதுவும் சரியாகும்" என்றார். அம்மாவின் கை தானாகவே அந்தக் கை உருவத்தின் பக்கம் போனது. எந்த மனைவிக்குத்தான் போகாது! அப்பா இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். காலைக் காட்டினார். "இது... கொடுத்தாரு" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

கேட்பது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. கேளுங்கள், கொடுக்கப்படும் என்று சொன்னவர் ஆண்டவர்தான். நாங்களும் கேட்டுத்தான் வாழ்ந்திருக்கிறோம், இனியும் கேட்போம். ஆனால் அந்தப் பயணம் நன்றிக்கென்று வந்த பயணம். அதில் இன்னொரு விண்ணப்பத்தைச் செருக அப்பா சம்மதிக்கவில்லை. கால் உருவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தோம்.

விடிந்ததும் திருப்பலி முடித்துவிட்டு, வெயில் ஏறும் முன் மணல் பாதைக்குப் போய்விட்டோம். முதல் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மணலில் கிடக்கும் ஒவ்வொரு சிறு கல்லும் முழங்காலில் ஏறுகிறது. சேலை சுருண்டு மேலே போகிறது, அதைச் சரிசெய்ய நின்றால் மறுபடி கிளம்ப வலி இரட்டிப்பாகிறது. ஒரு பக்கம் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். இன்னொரு பக்கம் அப்பா, கைத்தடியை மணலில் ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றி. வலது காலை லேசாக இழுத்துத்தான் வைப்பார். என் முழங்காலும் அவர் காலும் ஒரே வேகத்தில் போயின. எங்களைக் கடந்து இளைஞர்கள் போனார்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண் முழங்காலிலேயே முந்திக்கொண்டு போனாள். அவளுக்கு என்ன கிடைத்ததோ, எதற்கு நன்றி சொன்னாளோ. ஒரு கட்டத்தில் முழங்கால் தோல் உரிந்து எரிந்தபோது நான் நின்றுவிட்டேன். அப்பா குனிந்து பார்த்தார், கண் கலங்கியது, "போதும்" என்றார். இந்தக் கால் நடக்கும் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லாத காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கால் என் பக்கத்தில் மணலில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மிச்ச தூரத்தையும் முடித்தேன். வலித்தது. ஆனாலும் அந்த வலியைக் காணிக்கையாகக் கொடுக்க முடிந்ததே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதன்பிறகு பேராலயத்துக்குள் மாதாவைப் பார்க்க வரிசை. நெருக்கடியைச் சொல்லி முடியாது. பட்டுச்சேலையில் மாதா தெரிய ஆரம்பித்ததும் பின்னால் இருந்து ஒரு தள்ளு. "நகருங்க, நகருங்க" என்று சத்தம். அப்பா நேர் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். நகரவில்லை. நோய் வந்ததில் இருந்து அவர் ஒரு ஜெபத்தைக்கூட முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்கு வாயைத் திறந்தார். சின்ன வயதில் பாட்டியிடம் கற்ற பழைய பாடத்தில், "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று தொடங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினார். மறுபடி தள்ளு வந்தது. பின்னால் காவி வேட்டியில், நெற்றியில் திருநீறோடு ஒரு பெரியவர். அவர் சட்டென்று இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். "ஐயா சொல்லி முடிக்கட்டும்பா" என்றார். அப்பா "கர்த்தர் உம்முடனே" வரை வந்து, தடுக்கி, மறுபடி எடுத்து, எப்படியோ முதல் பாதி முடிகிற இயேசுவின் பெயர் வரைக்கும் வந்துவிட்டார். அதுவரை "நகருங்க" என்று கத்திய கூட்டம், ஜெபமாலையில் பதில் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, அடுத்த பாதியைத் தானாகவே எடுத்துக்கொண்டது. "புனித மரியே, இறைவனின் தாயே" என்று எத்தனை குரல்! அப்பா விட்ட இடத்தில் இருந்து யாரோ எவரோ எங்களுக்காகச் சொல்லி முடித்தார்கள். அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். நான் என்ன ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. நன்றி என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வெளியே வந்து அந்தப் பெரியவரைத் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை. இயேசு குணமாக்கிய பத்துத் தொழுநோயாளர்களில் நன்றி சொல்லத் திரும்பி வந்து அவர் காலில் விழுந்தவர் ஒரு சமாரியர், யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய இனத்தவர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். வேளாங்கண்ணியில் நான் பார்த்த மொட்டைகளிலும் காவிகளிலும் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். வாக்குத் தவறாமல், வெயிலில் நடந்து, நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொல்ல, "அது தகுதியும் நீதியுமானதே" என்று மனப்பாடமாகப் பதில் சொல்கிற நாம் அவர்களைப் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது.

அந்தக் கோயிலே நன்றிக்கடனில் எழுந்ததுதானே. மக்காவ்விலிருந்து இலங்கைக்குப் போன போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, கரை சேர்ந்தால் மாதாவுக்குக் கோயில் கட்டுவோம் என்று நேர்ந்து, ஒரு செப்டம்பர் 8 அன்று இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. கூரைக் கோயில் இருந்த இடத்தில் சொன்னபடி கட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். நேர்ச்சை தீர்ந்த பிறகும் அவர்கள் மறந்துபோகவில்லை. திரும்ப இந்தப் பக்கம் வந்தபோது விவிலியக் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுத்தார்கள். அதை யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. நேர்ந்ததைக் கொடுப்பது கடமை. அதற்கு மேலும் மனசு கொடுத்துக்கொண்டே இருந்தால், அங்கேதான் ஆண்டவர்மேல் அன்பு தெரிகிறது என்று எனக்குப் படுகிறது.

திரும்பும்போது அம்மா சுனாமி நினைவு ஸ்தூபியில் நிற்கச் சொன்னார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு வந்த இடத்தில்தான் அத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது. எங்களைப் போலவே நன்றி சொல்ல வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏன் அப்படி, எங்களுக்கு ஏன் இப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கடவுள் எங்களைக் கூடுதலாக நேசித்ததால் அப்பா பிழைத்தார் என்று சொல்ல என் நாக்கு எழாது. அங்கே நின்று இறந்தவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம், அதாவது இயேசு கற்பித்த ஜெபம், சொன்னோம். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதியது எளிதான வார்த்தை இல்லை. ஆனால் எழுதியவர் பிலிப்பி நகரத்துச் சிறையில், அடிபட்ட உடம்போடு, நள்ளிரவில் கடவுளைப் புகழ்ந்து பாடியவர். அதனால் அவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் கைக்காக வீட்டில் இன்னும் ஜெபிக்கிறோம். பயிற்சியும் நடக்கிறது. இடது கையால் சிலுவை போடுகிறார், சோறு சாப்பிடுகிறார், பேத்தியின் தலையைத் தடவுகிறார். அதற்கெல்லாம் நன்றி ஆண்டவரே. கஞ்சி இறங்கிய அந்த இரவுக்கு நன்றி. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்களுக்காக நன்றி. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த கல்லூரிப் பையனுக்காக, மணலில் எனக்குத் தண்ணீர் கொடுத்த பெயர் தெரியாத அக்காவுக்காக, கையை விரித்து நின்ற அந்தப் பெரியவருக்காக நன்றி. அவர் எந்த ஊரோ, என்ன நேர்ந்துகொண்டு நடந்து வந்தாரோ, அது அவருக்குக் கிடைக்கட்டும். இதை வாசிக்கிறவர்கள் அவருக்காக ஒரு மங்கள வார்த்தை, அப்பா அன்றைக்குச் சொன்ன அதே ஜெபம், சொல்லுங்கள். ஆரோக்கிய அன்னையே, எங்களோடு சேர்ந்து உம் மகனுக்கு நன்றி சொல்லும். மரியே வாழ்க!