காருக்குப் பின்வாசல் போதும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் கார் ஷெட் கட்டலாம் என்றதும் முதலில் பார்க்க வந்த இன்ஜினியர் சொன்ன யோசனை, முகப்புத் திண்ணையில் ஒரு பக்கத்தை இடித்து ஷட்டர் போடுவது. நம்ம வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே உயரமாக நிற்கின்றன, ஓரடி ஏற எட்டடியாவது சரிவு வேண்டும், நாலடி உயரத்துக்கு 32 அடி, அதாவது தெருவே நம் காருக்கு ஏணியாகிவிடும். அப்படியானால் உள்தரையையும் தாழ்த்திவிடலாமே என்றார் இன்ஜினியர். அதோடு அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு என்பதுதான் செட்டிநாட்டு வீட்டின் வசதியே. கொல்லைத் தரை தெருமட்டத்திலேயே இருக்கிறது, சரிவே வேண்டாம். ஆனால் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டுமே! சென்னையில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், காரைக்குடியிலேயே இருந்துகொண்டு போனை எடுக்காதவர் ஒருவர். "முன்னாடி நின்னாத்தானேப்பா கௌரவம்" என்றார் மலேசியாக்காரர். திண்ணை போய்விடும் என்று படம் வரைந்து அனுப்பிய பிறகுதான் இறங்கி வந்தார். எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்ச்சொல் கல்யாண வீட்டுக்குத்தான் சரி.

எதிர்வீட்டு ஆச்சியின் கவலை வேறு. எங்கள் பின்வாசலுக்கு நேரே அவர் முகப்பு, தினமும் ஒரு ஷட்டரைப் பார்த்துக்கொண்டா உட்கார்வது என்றார். நியாயம்தான், நாலு வீட்டுக்காரர்கள் வரிசையாக ஷட்டர் போட்டால் அது குடோன் சந்து, யார் நடப்பார்கள்? அதனால் கதவை ஒரு கார் அகலத்துக்கு, 9 அடியோடு நிறுத்தினோம், மதில் வரிசையிலிருந்து 5 அடி உள்ளே தள்ளினோம். வண்டியின் மூக்கு தெருவில் நீளுவதற்கு முன்பே நடந்து வருகிறவர் கண்ணில் படுவார். பக்கத்தில் ஆள் போகத் தனிச் சிறு கதவு, மேலே ஒரு விளக்கு.

கதவுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்கு. தச்சர் இழைத்துச் சேர்த்து உள்பக்கம் திறக்கிற மாதிரி செய்தார், ஷட்டரைவிடச் செலவு அதிகம்தான். கூரை நாட்டு ஓடு, தண்ணீர் தெருவில் கொட்டாமல் கிணற்றுப் பக்கம் வாட்டம். உள்ளே சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டு பட்டை கல், மீதி மண்ணாகவே இருக்கிறது, மழை இறங்க.

சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆசைப்பட்டோம், கொத்தனார் சொன்ன கூலியைக் கேட்டுச் சிமெண்டுக்கே வந்துவிட்டோம். ஐப்பசி மழையில் கதவு கொஞ்சம் ஊதி இறுகுகிறது, தச்சர் தை பிறந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.