மச்சான் மிதித்த கசெட்

1993இல் யாழ்ப்பாணத்துக்குப் பாட்டுக் கசெட் ஒன்று பதிந்து அனுப்ப நினைத்தவனுக்கு முதல் கவலை கரண்ட். 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றறி, பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் அரசாங்கத்தின் தடைப்பட்டியலில். சனம் சும்மா இருக்குமா? சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலைச் சுற்றிச் சுற்றி ரேடியோ கேட்டது. ரேடியோ திருத்துகிறவர்கள் அதற்கென்று டயோட் பூட்டிக் கொடுத்தார்கள். பிபிசி தமிழோசை கேட்டதும் அப்படித்தான், பாட்டுக் கேட்டதும் அப்படித்தான்.

அவள் குடாநாட்டின் நெல்லியடிப் பக்கம். ரியூசன் காலத்துப் பழக்கம், பிறகு இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, "தம்பிக்கு விசா சரிவரட்டும்" என்ற அளவில் பேச்சு முற்றாகியிருந்தது. நான் ஜேர்மனியில், டோர்ட்முண்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில், அகதிகள் ஹைமில், அதாவது விடுதியில், இருந்தேன். பகலில் டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பு, இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கடிதம் போய்ச் சேர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் அவள் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து கொழும்புக்கு வர வேண்டும். என் குரலைக் கேட்க ஒருத்தி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன். மிச்சமிருந்த வழி கசெட்.

இரட்டை டெக் ஒன்றைச் சனிக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கினேன். விற்ற கிழவர் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் காட்டி விளக்கினார். ஜேர்மனிக்கு வந்தபின் விசாவும் சாப்பாடும் தவிர்ந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரரோடு நான் நின்று கதைத்தது அன்றுதான். டொல்பிப் பொத்தான் எதற்கு என்று கேட்டேன். இரைச்சலைக் குறைக்க என்றார். ஆனால் கேட்கிற மெஷினிலும் டொல்பி இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பாட்டு கூர்மையாகக் காதில் குத்துமாம். நெல்லியடியில் இருந்தது அவளுடைய மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த சாதாரண ரேப் ரெக்கோடர். டொல்பியை அணைத்துவிட்டேன்.

வெற்றுக் கசெட் வாங்குவதிலும் இதே கணக்கு. 120 நிமிடக் கசெட்டில் நிறையப் பாட்டுப் பிடிக்கும். ஆனால் அதன் நாடா மெல்லியது. வேகம் கூடிக் குறைகிற மெஷினில் சுற்றிச் சிக்கிவிடும். 90இல் பக்கத்துக்கு 45 நிமிடம். யாரோ ஒருவர் 45 நிமிடம் பெடல் மிதிக்க வேண்டும்! அதனால் 60. பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு அல்லது ஏழு பாட்டு. குரோம் நாடா கடையில் பளபளவென்று இருந்தது, விலையும் கூட. பழைய ரெக்கோடருக்கு அது ஒத்துவராது என்று வைத்துவிட்டு வந்தேன்.

பாட்டுச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அப்போது அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடிதம் எடுக்க வேண்டும். எசனில் தமிழ்க் கடை இருக்கிறது என்று தெரிந்தும், ரயிலில் எட்டிவிடுகிற தூரம் என்று தெரிந்தும், போக முடியாது. பாட்டுக் கசெட் வாங்க வேண்டும் என்று சொல்லி எந்த அதிகாரியிடம் கடிதம் கேட்பது? ஆகவே தபால். வேறு ஊர்களில் இருந்த கூட்டாளிமாரிடம் அவர்களிடம் இருந்ததை அனுப்பச் சொன்னேன். விசா உள்ள ஒருவர் பாரிஸ் போய் லா ஷப்பெலில் வாங்கி வந்தவை சில. அப்போது ரோஜா வந்து கொஞ்சக் காலம். 1992இல் வந்த அந்தப் படத்தோடு ரஹ்மான் என்ற பெயர் ஹைம் முழுக்கப் பரவியிருந்தது. அறைக்கு அறை அதே கசெட்தான் ஓடியது. எனக்கு அப்போது அதில் அவ்வளவு பிடிப்பில்லை, ராஜாதான். இது பற்றி அறையில் கைகலப்புவரை போயிருக்கிறது, விடுங்கள்.

பாட்டைத் தெரிந்தபின் வந்தது அடுக்கும் வேலை. அவளுக்காகப் பதிகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், சைக்கிளும் ரெக்கோடரும் நிற்கப்போவது வீட்டு விறாந்தையில். மாமா, அதாவது அவளுடைய அப்பா, கேட்பார், மாமி கேட்பார், அக்கம்பக்கத்துச் சனம் வந்து குந்தியிருந்து கேட்கும். முதலாவது பாட்டே எஸ்.பி.பி.யும் ஜானகியும் குழைந்து பாடுவதாக இருந்தால் மாமா அதோடு நிறுத்தச் சொல்லிவிடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டில் தொடங்கினேன். இரண்டாவது மாமாவுக்காக டி.எம்.எஸ். மூன்றாவது மாமிக்கு, சுசீலா. இவ்வளவு பேரையும் சரிக்கட்டிய பிறகுதான் நாலாவதாக ராஜாவின் மெட்டு ஒன்று, ஜென்சி பாடியது, 70களின் கடைசியில் வந்த பாட்டு. ரியூட்டரிக்கு எதிரில் இருந்த, கசெட் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பாரில் அது எந்நேரமும் போகும். அவளும் நானும் தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில் கேட்ட பாட்டு. ஐந்தாவது ரஹ்மான். அது மச்சானுக்கு, அவளுடைய தம்பிக்கு. மிதிக்கப்போகிறவன் அவன்தானே, கூலி கொடுக்க வேண்டாமா? எனக்குப் பிடிக்காவிட்டாலும் போட்டேன்.

பின்பக்கத்தின் முதல் பாட்டு மட்டும் முழுக்க அவளுடையது. காரணம் சிம்பிள்: கசெட்டைத் திருப்பிப் போட்டால் அது உடனே வரும், சுற்றத் தேவையில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றுவதற்கு டைனமோக் கரண்டைச் செலவழிக்க யாரும் விடமாட்டார்கள். பேனையைக் கசெட்டின் துளைப் பல்லில் கொழுவிச் சுற்றுவதுதான் வழக்கம்.

பதிவது ஞாயிறு விடியற்காலையில். மற்றவர்கள் நித்திரை. தொடக்கத்தில் ஐந்து நொடிக்கு ஒன்றும் பதியாத வெற்று நாடா வரும், அதை விரலால் சுற்றித் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முருகன் பாதியிலிருந்துதான் வருவார். பதியும் பொத்தானையும் ஓடும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, போஸில் நிறுத்தி, மற்றப் பக்கத்தில் பாட்டு தொடங்கும் கணத்தில் விடுவேன். இரட்டை வேகத்தில் பதிகிற வசதியும் இருந்தது. அதில் பதிந்தால் ஒலி மங்கியது போல் இருந்ததால் தொடவில்லை.

பாட்டுகளுக்கு நடுவில் நானே பேசினேன். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் ஆக ஆசைப்படாதவன் யார்? "அன்பு நேயர்களே" என்று தொடங்கினேன். வீட்டாரை முறை வைத்து நலம் விசாரித்தேன், இங்கே பனி கொட்டுகிறது என்றேன், டொச் படிக்கிறேன் என்றேன். கோப்பை கழுவுவதைச் சொல்லவில்லை. கடைசியில் அவளைப் பார்த்து, "நீரும் கவனமாய் இரும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். மிச்சத்தை ஜென்சி பார்த்துக்கொள்வார் என்று விட்டேன்.

முடிந்ததும் கசெட்டின் விளிம்பில் முன்பக்கத்துக்குரிய பிளாஸ்ரிக் பல்லை மட்டும் உடைத்தேன், யாரும் தவறி மேலே பதியாமல் இருக்க. பின்பக்கத்துப் பல்லை விட்டுவைத்தேன். அங்கே வெற்றுக் கசெட் கிடைப்பது கஷ்டம். மறுமொழி சொல்ல விரும்பினால் அதிலேயே பதியட்டும் என்று கடிதத்தில் எழுதினேன். கசெட்டைத் தபாலில் விடவில்லை. கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து ஊருக்குப் போன இன்னொருவரிடம் மாறி, வவுனியாச் சோதனை தாண்டி, கிளாலி வள்ளத்தில் ஏறிப் போனது. ஆமிக்காரன் கசெட் என்றால் போட்டுக் கேட்பான் என்பார்கள். கேட்டிருந்தால் முருகன் காப்பாற்றியிருப்பார்.

மறுமொழி வர அந்த வருடக் கோடையும் முடிந்துவிட்டது. இடையில், 1993 யூலை 1இல், ஜேர்மனியின் தபால் இலக்கங்கள் நான்கிலிருந்து ஐந்தாகிவிட்டன. ஐந்து விரல் விரித்த மஞ்சள் கைப் பொம்மை ஒன்று எல்லாத் தபால் கந்தோர்ச் சுவரிலும் சிரித்துக்கொண்டு நின்றது. அவள் அனுப்பியது, என்னுடையதல்லாத வேறொரு கசெட், கொழும்பில் யாரோ தபாலில் சேர்த்தது, பழைய நான்கு இலக்கத்தோடு வந்து சேர்ந்தது.

போட்டேன். முதலில் மாமியின் குரல், "தம்பி, சாப்பிடுறீங்களோ?" பிறகு இவள். கதைக்கத் தொடங்கியவள் இரண்டு வசனத்துக்குள் கீச்சென்ற குரலுக்குப் போனாள், சின்னப் பிள்ளை போல, கடகடவென்று. திரும்பச் சாதாரணமானாள். திரும்பக் கீச்சு. மெஷின் பழுது என்று நினைத்துத் திறந்து துடைத்துக்கூடப் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது. கசெட் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பதிகிறபோது மச்சானுக்குக் கால் களைத்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இங்கே ஜேர்மன் கரண்டில் சரியான வேகத்தில் போட்டால் அந்த இடத்தில் குரல் விரைந்து கீச்சிடும். அவன் எங்கே இளைத்தான், எங்கே திட்டு வாங்கி மறுபடி வேகம் எடுத்தான் என்பதெல்லாம் அப்படியே பதிவாகியிருந்தது. "நீங்கள் சுகமோ" என்ற இடத்தில் நல்ல களைப்பு. அறையில் இருந்த ஐந்து பேரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்கள் வேலைக்குப் போன பிறகு தனியே போட்டுக் கேட்டேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது அவர்கள் வீடும் சனத்தால் நிறைந்தது. அந்தக் கூட்டத்துக்கும் என் கசெட்தான் ஓடியிருக்கிறது. முன்பின் தெரியாத எத்தனை பேர் என்னை "அந்த ஜேர்மன் அறிவிப்பாளர்" என்று அறிவார்களோ. விசா கிடைத்து, அவள் கொழும்பு லொட்ஜில் காத்திருந்து, 1997இல் இங்கே வந்து சேர்ந்தாள். மச்சான் இப்போது ரொறன்ரோவில். தொலைபேசியில் வந்தால், "அத்தான், உங்கட காதலுக்கு நான்தான் பற்றறி" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

வந்து சில மாதம் கழித்து அந்த நாலாவது பாட்டைப் பற்றிக் கேட்டேன். விளங்கினதோ, ஏன் அதைப் போட்டேன் என்று?

"ஜென்சியோ? அது தொடங்கி முதல் சரணம் முடியக்குள்ள தம்பி கத்துவான், ரஹ்மானுக்குச் சுத்து எண்டு. பேனையை எடுத்துச் சுத்திப்போடுவம்" என்றாள். "அந்தப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் ஒண்டு இருக்கெண்டு எனக்கு இஞ்ச வந்துதான் தெரியும்."