ஏழு படி ஏறினால் லிஃப்ட்

2025 ஜனவரி 12, ஞாயிறு

பள்ளி விடுமுறை அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இந்த வருடப் பெந்தெகொஸ்தே விடுமுறை ஜூன் 10 முதல் 20 வரை. அம்மா மே மாதம் தூத்துக்குடியிலிருந்து வருகிறாள். ஜெர்மனிக்கு எடுக்கிற விசாதான் என்றாலும் ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவானது என்பதால் இத்தாலிக்கும் செல்லும். ஆக, ஜூன் 14 சனி முதல் 21 சனி வரை எங்காவது கடலோரம்.

இவருக்கு அமால்ஃபி போகவேண்டும். எலுமிச்சைத் தோட்டம், மலைச்சரிவில் அடுக்கிய வீடுகள் என்று படமாகக் காட்டுகிறார். படத்தில் எனக்குத் தெரிவதெல்லாம் படிக்கட்டு. அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அங்கே போனால், ஒரு வாரமும் பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

இத்தாலியின் கிழக்கே, அட்ரியாட்டிக் கடல் பக்கம் தட்டையான கரை. ரிமினி நகராட்சிக்குள் மட்டும் சுமார் 15 கிலோமீட்டருக்கு மணல். கடலும் சட்டென்று ஆழமாகாது, பிள்ளைகள் வெகுதூரம் நடந்தே போகலாம். அலுவலகத்தில் ஓய்வு பெறப்போகும் ஒரு பெரியவரிடம் ரிமினி என்றதும் சிரித்துவிட்டார். சின்ன வயதில் வருடா வருடம் அப்பாவின் காரில் ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாயைத் தாண்டிப் போவார்களாம். அந்தக் கரைக்கு ஜெர்மானியர்கள் வைத்த பட்டப்பெயர் 'டொய்டோனன்கிரில்'. ஜெர்மானியர்களைப் போட்டு வாட்டும் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். "கடல் சுமார்தான், சாப்பாடு பிரமாதம்" என்றார். எனக்கு அது போதும்.

ஜனவரி 25, சனி

ரிமினி என்பது ஓர் ஊர் இல்லை, கரையோரமாகக் கோத்த ஊர்களின் சரம். தெற்கே மிராமாரே, ரிவாட்சூர்ரா. நடுவில் மரினா சென்ட்ரோ. வடக்கே விசெர்பா, விசெர்பெல்லா, தோர்ரே பெத்ரேரா. நடுவில் இருப்பவை விலை அதிகம், இரவெல்லாம் சத்தம். 1908-இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் அங்கேதான். 1920-இல் இதே ஊரில் பிறந்த இயக்குநர் ஃபெல்லினி, சிறுவனாக இருந்தபோது அதை வெளியே நின்றே வேடிக்கை பார்த்தவர். நாங்களும் அப்படியே பார்த்துக்கொள்கிறோம்.

விசெர்பா பிடித்திருக்கிறது. ரிமினியிலிருந்து ரவென்னா போகும் ரயில் பாதையில் சின்ன ஸ்டேஷன் இருக்கிறது.

ரயில் பாதை என்றதும் ஒரு பழைய காயம். இரண்டு வருடம் முன்பு வேறொரு கடற்கரையில் ஒரு ஓட்டல் எடுத்தோம். படத்தில் நீலக் கடல், வெள்ளைத் திரைச்சீலை. போய்ப் பார்த்தால் ஓட்டலுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம். இரவு இரண்டரை மணிக்குக் கூட்ஸ் வண்டி போகும்போது கட்டிலோடு சேர்ந்து நாங்களும் ஒரு சாண் நகர்வோம். அப்போதிருந்து ஓட்டல் படங்களைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் மூன்று விஷயம்: தண்டவாளம் எங்கே, பக்கத்துக் கட்டடம் எவ்வளவு உயரம், கடலுக்குப் போக எத்தனை தெரு கடக்கவேண்டும். 'பக்கவாட்டுக் கடல் காட்சி' என்று எழுதியிருந்தால், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டவேண்டும் என்று பொருள்.

பிப்ரவரி 8, சனி

நான்கு ஓட்டல்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். எல்லாமே மூன்று நட்சத்திரம், குடும்பம் நடத்துவது. ஈஸ்டரிலோ மே மாதத்திலோ திறந்து செப்டம்பரில் மூடிவிடுவார்கள். முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையை ஓட்டலிடமே நேரடியாகக் கேட்டால் குறைப்பார்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் ஆகஸ்ட் விலைப்பட்டியலை அனுப்பினார். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ, இத்தாலியே கடலுக்குப் போகிற நாள். அந்த வார விலையைப் பார்த்ததும் ஜூன் மாதத்தின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

நான்காவது ஓட்டலின் பதில் ஜெர்மன் மொழியில் வந்தது. இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்து ஒரு நாளைக்கு வயது வந்தவர் ஒருவருக்கு 64 யூரோ. இதற்கு 'மெட்ஸா பென்சியோனே' என்று பெயர். மதியமும் வேண்டுமென்றால் 72. பிள்ளைக்குப் பாதி. மூன்று பெரியவர்கள், ஒரு ஏழு வயது: ஒரு நாளைக்கு 224, வாரத்துக்கு 1568. மதியச் சாப்பாட்டுக்கு வாரம் முழுவதும் 196தான் கூடுதல்.

இவர் உடனே மூன்று வேளையும் எடு என்றார். நான் மறுத்துவிட்டேன். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. காசு கொடுத்தாயிற்றே என்று ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து எழுந்து, மணலைக் கழுவி, உடை மாற்றி ஓடிவர வேண்டும். ரவென்னாவுக்கும் போக முடியாது. ரவென்னா போகாமல் நான் வரமாட்டேன். 547-இல் அர்ப்பணித்த சான் விட்டாலே தேவாலயத்தின் மொசைக்கை இன்னும் திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

கீழே பொடி எழுத்தில் 'குடிபானங்கள் தனி'. மேஜையில் வைக்கிற தண்ணீருக்கும் காசு. இதை அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மாவிடம் கடற்கரை விவரம் மட்டும் சொன்னேன்.

கரையை 'பாஞ்யோ' என்று துண்டு துண்டாகப் பிரித்து, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் அரசிடம் உரிமம் வாங்கி நடத்துகிறது. நாம் ஒரு குடையையும் இரண்டு சாய்வுக் கட்டிலையும் வாடகைக்கு எடுக்கவேண்டும். எங்கள் ஓட்டலுக்கு ஏற்பாடு உள்ள பாஞ்யோவில் ஐந்தாம் வரிசை வாரத்துக்கு 98 யூரோ, முதல் வரிசை 147.

"ஏட்டி, கடலுக்குமா வாடகை?"

கடலுக்கு இல்லை, குடைக்கு என்றேன். ரிமினியில் முதல் குளியல் நிலையம் 1843-இலேயே வந்துவிட்டது, அன்றிலிருந்து இதுதான் வழக்கம் என்றும் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் எல்லாம் நமக்கு எதற்கு என்றாள். தண்ணீர் ஓரமாக நடப்பதை யாரும் தடுக்கமுடியாது, அது சட்டம். இலவசக் கடற்கரைத் துண்டுகளும் நடுநடுவே உண்டு. அங்கே நம் குடையை நாமே நட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு அது பிடித்தது. குடும்பங்கள் வைத்திருக்கும் இந்த உரிமங்களையே ஏலம் விடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் பல வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறது. இத்தாலி அரசு போன வருடம் 2027 செப்டம்பர் வரை தள்ளிப்போட்டது.

அப்புறம் அம்மா கேட்டாள், "அலை எப்படி?"

விசெர்பாவில் கரைக்கு இணையாகக் கடலுக்குள் பாறைக் கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். மண் அரிக்காமல் இருக்க. உள்ளே தண்ணீர் பெரும்பாலும் தெப்பக்குளம் மாதிரி கிடக்கும்.

"அலையில்லாத கடலுக்கா வாடகை?"

ஐந்தாம் வரிசை எடுத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சாப்பாட்டு விசாரணை. அம்மா சைவம், முட்டையும் கிடையாது. இத்தாலியில் சைவத்துக்கு என்ன கஷ்டம், பாஸ்தா இருக்கிறதே என்று நினைப்போம். ரிமினி இருக்கும் ரொமான்யா பகுதியில் அந்தக் கணக்கு தப்பு. அங்கே கையால் திரட்டுகிற மாவில் முட்டைதான் ஈரமே. தாலியத்தெல்லே, கப்பெல்லெத்தி எல்லாம் முட்டை மாவு. பாஸ்ஸதெல்லி இன்னும் மோசம்: ரொட்டித் தூள், பார்மெசான் சீஸ், முட்டை, அதை இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள். பார்மெசானை உறையவைப்பதே கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால். பியாதினா என்கிற தட்டை ரொட்டி பார்க்க நம் வீட்டுச் சப்பாத்தி மாதிரியே இருக்கும், கல்லில்தான் சுடுவார்கள். ஆனால் பழைய முறைப்படி மாவில் பன்றிக் கொழுப்பு. ஆலிவ் எண்ணெய் போட்டும் செய்கிறார்கள், கேட்டு வாங்கவேண்டும்.

இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று போன் செய்தேன். ஓட்டல்கார அம்மாதான் எடுத்தார். ஜெர்மன் எங்கே படித்தீர்கள் என்றேன். எங்கேயும் இல்லை, அவருடைய அம்மா பென்சியோனே என்கிற சின்ன விடுதி நடத்திய காலத்தில் ஜெர்மன் பிள்ளைகளோடு விளையாடி வந்ததாம். சின்யோரா, அதாவது அம்மணி, என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன், அவரும் என்னைச் சின்யோரா என்கிறார்.

என் பட்டியலை முழுவதும் கேட்டார். "முட்டை இல்லையா? வெண்ணெய்?" வெண்ணெய் சரி. "பால்?" சரி. "தயிர்?" அது இல்லாமல் முடியாது. "அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு ஸ்ட்ரோட்ஸாப்ரெத்தி" என்றார். மாவும் தண்ணீரும் மட்டும். சின்னப் பட்டையைக் கிழித்து உள்ளங்கையில் உருட்டி முறுக்குவார்கள். பெயருக்கு 'பாதிரியை நெரிப்பது' என்று பொருளாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு. தக்காளி, கத்திரிக்காய், கொண்டைக்கடலை, பீன்ஸ் எல்லாம் உண்டு என்றார். மீன் வேண்டாமா, மீன்கூடவா வேண்டாம் என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். தூத்துக்குடியிலும் கேட்பார்கள், பரவாயில்லை.

லிஃப்ட் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் வாசலிலிருந்து லிஃப்ட் வரை கொஞ்சம் படி. எத்தனை என்றேன். "இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். ஷட்டர் தூக்கும் சத்தம், செருப்புச் சத்தம். உனோ, தூவே, த்ரே என்று எண்ணுவது கேட்டது.

"ஏழு. இடது கைப்பக்கம் கம்பி உண்டு."

நான் முடிவு செய்தது அப்போதுதான்.

மார்ச் 15, சனி

முன்பணம் 400 யூரோ அனுப்பினேன். ஓட்டலின் இணையப் பக்கத்தில் சி.ஐ.என். எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இந்த வருடம் ஜனவரியிலிருந்து இத்தாலியில் ஓட்டலோ வாடகை வீடோ, விளம்பரத்தில் அந்தத் தேசிய எண்ணைக் காட்டியே ஆகவேண்டும். போலி ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் தலைவலி. வங்கிக் கணக்கு எண்ணும் இத்தாலியைக் குறிக்கும் IT என்று தொடங்கி, எழுத்தும் இலக்கமுமாக 27. சரி.

உறுதிக் கடிதத்தில் 'கப்பார்ரா கொன்ஃபெர்மதோரியா' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தை முக்கியம். நாம் போகாவிட்டால் பணம் போச்சு. அவர்கள் அறை தராமல் கைவிரித்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். இத்தாலியச் சிவில் சட்டம் 1385-ஆம் பிரிவு. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்த எத்தனை கல்யாண மண்டபத்துக்கு இது பொருந்தியிருக்கும்!

ஏப்ரல் 5, சனி

கார் வேண்டாம் என்று முடிவாயிற்று. பிரென்னர் நெடுஞ்சாலையில் ஆஸ்திரியா பக்கம் லூக் பாலம் பழுதாகி, ஜனவரி 1 முதல் பெரும்பாலும் திசைக்கு ஒரு தடம்தான். பவேரியா மொத்தமும் ஒரே சனிக்கிழமை தெற்கே கிளம்பும்போது அதில் மாட்டக்கூடாது.

யூரோசிட்டி ரயில்: மியூனிக், இன்ஸ்ப்ரூக், வெரோனா, பொலோன்யா. ஏறக்குறைய ஏழு மணி நேரம். பொலோன்யாவில் மாறி ரிமினி, அங்கே மாறி விசெர்பா. சாயங்காலம் ஆறரை சுமாருக்குப் போய்ச் சேரலாம், எல்லாம் நேரத்துக்கு ஓடினால். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. 'லேட் ஆனால்?' என்று சின்யோராவுக்கு எழுதினேன். 'ஜெர்மன் ரயில்தானே, தெரியும். தட்டை மூடி வைப்போம்' என்று பதில்.

உள்ளூர் ரயில் டிக்கெட் ஒரு பொறி. தாளில் வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் குத்தவேண்டும். போனில் வாங்கினால் 'செக் இன்' அழுத்தவேண்டும். மறந்தால் அபராதம்.

மே 25, ஞாயிறு

அம்மா வந்து ஐந்து நாள் ஆகிறது. குளியலறையில் தண்ணீர் இல்லை, காகிதம்தான் இருக்கிறது என்று தினமும் ஒரு முறை புலம்பல். பிளாஸ்டிக் செம்பு வாங்கிக் கொடுத்தேன். இத்தாலியில் கழிவறைக்குப் பக்கத்தில் கழுவிக்கொள்ளத் தனித் தொட்டி, குழாயோடு இருக்கும். 1975-இலேயே வீட்டுக்கு ஒரு பிதே இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள் என்றேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மொசைக், ரோமானியப் பாலம், ஐந்து வளைவு, இரண்டாயிரம் வருடம் என்று இத்தனை நாள் நான் சொன்ன எதற்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பெரியவர் இன்று வேறு பயமுறுத்தினார். 1989-இல் அட்ரியாட்டிக் முழுக்க நுரையும் கோழையுமாக மிதந்து, ரிமினிக்கு வந்தவர்கள் ஓடிப்போனார்களாம். போன கோடையிலும் சில இடங்களில் தலைகாட்டியது. சின்யோராவிடம் கேட்டேன். 'கடலைப் பற்றி நான் உத்தரவாதம் தருவதில்லை, சாப்பாட்டைப் பற்றித் தருகிறேன்' என்கிறார். பெரியவர் சொன்னதும் இதேதான்.

ஜூன் 13, வெள்ளி

பெட்டி மூடியாயிற்று. நான்கு பாஸ்போர்ட்டும் அசலாக, எங்கள் வசிப்பிட அட்டைகளும். ஓட்டலுக்கு வந்தவர்கள் விவரத்தை ஒரு நாளுக்குள் போலீசுக்கு அனுப்பவேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் வரவேற்பறையில் கேட்பார்கள். திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லையில் ரயிலிலேயே ஏறிக் கேட்பார்கள். கடற்கரைக்குக் குளியல் துண்டு தனியாக. ஓட்டல் துண்டைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது. சுற்றுலா வரி போகும்போது ரொக்கமாக, ஆளுக்கு இத்தனை என்று.

இட்லிப்பொடி கால் கிலோ, நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு புட்டி. சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவரலாமா என்று சின்யோராவிடம் முன்பே கேட்டாயிற்று. கொஞ்சம் எனக்கும் என்றார்.

இரவு பத்து மணிக்கு அம்மா பெட்டியைத் திரும்பத் திறந்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்த ஒரு கைத்தறிச் சேலையை மடித்து மேலே வைத்தாள். எதற்கு என்றேன்.

"கடல்ல குளிக்க வேண்டாமா?"

மகள் தன் நீச்சலுடையையும் அந்தச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். படி, முட்டை, கொழுப்பு, லிஃப்ட், தண்ணீர்க் காசு என்று ஐந்து மாதமாகக் கேட்டேனே, இதை மட்டும் நான் சின்யோராவிடம் கேட்கவில்லை. காலை ஏழரைக்கு டாக்சி.