பழைய காருக்கு ஃபேன் சுவிட்ச் போட்ட அனுபவம்

சிக்னலில் வண்டி நின்றாலே கண் டெம்பரேச்சர் முள்ளுக்குப் போய்விடும். ரேடியேட்டரைக் குளிர்விக்க பெல்ட்டில் சுற்றிய பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருந்தேன். அதைப் போட, அணைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கை சுவிட்ச். ஒருநாள் பேச்சு மும்முரத்தில் அதைப் போட மறந்து, முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் பார்த்தேன். என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பியதே பெரிய விஷயம். சூடு ஏறினால் தானே ஃபேனைப் போடும் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிடுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

என் ரேடியேட்டரில் சுவிட்ச் திருக இடம் கிடையாது. அதற்காக ரேடியேட்டரை இறக்கிப் பற்றவைக்க மனம் வரவில்லை. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, சுவிட்ச் திருகும் மரையுள்ள அலுமினியக் குழாய் ஒன்றை இடையில் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். ஹோஸின் உள்விட்டத்தை அளந்துவிட்டுத்தான் குழாயை வாங்க வேண்டும்.

எந்த டிகிரி சுவிட்ச் என்பதில் அவசரப்படக் கூடாது. என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட்; என்னுடையது 82 டிகிரியில் திறப்பது. அது திறந்த பிறகுதான் சுடுதண்ணீர் மேல் ஹோஸுக்கே வரும். அங்கே 82-இல் போட்டு 77-இல் அணைக்கும் சுவிட்சை வைத்தால், ஒருமுறை ஓடத் தொடங்கிய ஃபேன் நிற்கவே நிற்காது. அதனால் 92-இல் போட்டு 87-இல் அணைக்கும் சுவிட்சை எடுத்தேன். மாட்டுவதற்கு முன்னால், பித்தளை முனை மட்டும் முங்கும்படி அதைப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்தேன். 92-ஐ ஒட்டி மீட்டர் 'பீப்' என்றது. அடுப்பை அணைத்துக் காத்திருந்தேன்; 87 பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. மூன்று தடவை பார்த்தும் அதேதான்.

வயரிங்கில் ரிலே கட்டாயம்; சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. ஃபேன் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அந்தச் சின்ன சுவிட்ச் தாங்காது. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு ஒரு தடித்த வயர், 87 எண் முனையிலிருந்து ஃபேனுக்கு, இக்னிஷனிலிருந்து 86-க்கு, 85-லிருந்து சுவிட்சுக்கு.

முதல் ஓட்டத்தில் முள் ஏறிக்கொண்டே போனது, ஃபேன் அசையவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டு, 85 வயரின் முனையைக் கழற்றி பாடியில் தொட்டேன். ரிலே 'டக்' என்றது, ஃபேன் ஓடியது. அப்படியென்றால் ரிலே, பியூஸ், ஃபேன் மூன்றும் சரி. சுவிட்சையும்தான் மூன்று தடவை சோதித்தாயிற்றே! அரைமணி நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் பிடிபட்டது: என் சுவிட்சுக்கு ஒரே ஒரு முனைதான். எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் அது திருகியிருக்கும் குழாய்க்கு இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ்! குழாயில் ஒரு வயரை இறுக்கி, பெயிண்டைச் சுரண்டி மினுக்கிய போல்ட்டில் என்ஜின் பிளாக்கோடு சேர்த்தேன். இந்த வகைக் குழாய் போடுகிறவர்கள் இந்த ஒரு வயரை மறந்துவிட வேண்டாம்.

ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். காற்றுக் குமிழில் மாட்டிய சுவிட்சுக்குச் சூடு சரியாகத் தெரியாது.

இரண்டாவது ஓட்டத்தில் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் அந்த 'டக்'. முகப்பு விளக்கு ஒரு கணம் மங்கி மீண்டது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானே நின்றது. நான் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று சுற்று அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் கார் டைனமோ வண்டி. ஐட்லிங்கில் டைனமோ அவ்வளவாகச் சார்ஜ் தராது. ஃபேன் பேட்டரியைத்தான் தின்னும். அதனால் நெரிசலில் நிற்கும்போது வேறு எதையும் போட்டு வைப்பதில்லை.

பழைய கை சுவிட்சைக் கழற்றவில்லை. 85-லிருந்து இன்னொரு வயரை அதன் வழியாக எர்த்துக்குக் கொடுத்திருக்கிறேன். புதியது என்றாவது கைவிட்டால், அதைத் தட்டினால் போதும், ஃபேன் ஓடும்.