தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒரே வேகத்தில் தேறாது

"பக்கத்துத் தெருப் பையன் அதுக்குள்ள நடந்துட்டான், என் மகன் மட்டும் ஏன் தம்பி இன்னும் வாக்கரோட இருக்கான்?" என்று தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் போனில் அழுதார். இரண்டு பேருக்கும் நடந்தது குட்டையான காலின் எலும்பை நீட்டும் ஆபரேஷன்தான். ஆனால் அந்தப் பையனுக்கு நீட்டியது தொடை எலும்பு. இவர் மகனுக்கு முழங்காலுக்குக் கீழே. இரண்டையும் ஒப்பிடவே கூடாது அக்கா. சின்ன வயதில் எலும்பில் சீழ் பிடித்து வளர்ச்சி நின்றுபோன என் காலில் முதலில் கீழே, சில வருடம் கழித்துத் தொடையில் என்று இரண்டு ஆபரேஷனையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950களில் சைபீரியாவின் கூர்கனில் உருவாக்கிய முறை இது. எலும்பை வெட்டி, ஒரு வாரம் போல விட்டு, அப்புறம் தினமும் சுமார் 1 மில்லிமீட்டர், அதையும் பெரும்பாலும் 4 தடவையாகப் பிரித்து விலக்குவார்கள், இடைவெளியில் புது எலும்பு வளரும். தொடையைச் சுற்றிச் சதையும் ரத்த ஓட்டமும் நிறைய இருப்பதால் அது பொதுவாகச் சீக்கிரம் கெட்டிப்படும். கீழ்க்காலில் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே எலும்பு, அதனால் நாளாகும்.

எலும்பை விட என்னைப் படுத்தியது சதைதான். எலும்பு நீளும் வேகத்துக்குச் சதை இழுபடாது. தொடையில் நீட்டினால் முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும். கீழே நீட்டினால் கெண்டைக்கால் சதை இறுகி, குதிகால் தரையில் படாமல் பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். பிசியோதெரபிக்காரர் சொல்லும் பயிற்சியை வலிக்கிறது என்று ஒருநாளும் விடாதீர்கள், படுக்கும்போதும் பாதத்தை நிமிர்த்தி வைக்கச் சொன்னால் வையுங்கள்.

நம் கடற்கரைப் பக்கம் இன்னொன்று. எலும்பைப் பிடித்துக் காலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெளிக்கம்பி இருக்கும்வரை கடல்குளியல் வேண்டாம், மண்டபம் பக்கம் அடிக்கிற காற்றில் மணல் பறக்கும், கம்பி நுழையும் இடத்தை மூடியே வையுங்கள். அங்கே சிவந்து சீழ் வந்தால் மஞ்சள் பூசாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முள்ளோடு தின்கிற நெத்திலி கொடுங்கள், கால்சியம் கிடைக்கும். பையனுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் கண்டித்து நிறுத்துங்கள், எலும்பு கூடுவதையே அது தாமதமாக்கும்.

அடுத்த தடவை மதுரைக்குப் போகும்போது "எப்போ நடப்பான்?" என்று கேட்காமல், எக்ஸ்ரேயில் புது எலும்பின் 4 பக்கத்தில் 3 பக்கமாவது கூடிவிட்டதா என்று கேளுங்கள் அக்கா. கம்பியைக் கழற்ற டாக்டர்கள் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான்.