கோதுமை மூட்டையும் சிகாகோவும்: சில நாள் குறிப்புகள்

மார்ச் 4

1848ல் சிகாகோவுக்கு ஒரே ஆண்டில் மூன்று வாய்த்தன: இல்லினாய்-மிச்சிகன் கால்வாய், வர்த்தக வாரியம் (வியாபாரிகளின் சங்கம்), முதல் ரயில் என்ஜின். செயின்ட் லூயிஸ் அப்போதே மிசிசிப்பிக் கரையின் பெரிய சந்தை. அது சிகாகோவிடம் பின்தங்கியதற்குத் தண்டவாளக் குறைவைத்தான் பலரும் சொல்கிறார்கள். என் சந்தேகமெல்லாம் மூட்டை மேல்.

மார்ச் 6

ஆற்று வியாபாரத்தில் கோதுமை மூட்டையாகவே வரும், ஆள் சுமந்து நீராவிப் படகில் ஏற்றுவார், நியூ ஆர்லியன்ஸ் வரை அதே சொந்தக்காரர் பெயர். ஆற்றுமட்டம் பல அடி ஏறி இறங்குவதால் கரையைச் சரிவாக விட்டாக வேண்டும். தண்ணீரை ஒட்டிக் கிடங்கு கட்டுவது பெரும்பாடு. ரயிலுக்கு இந்த நிதானம் கட்டுப்படியாகாது. நிற்கும் வேகனுக்கு வருமானம் ஏது?

மார்ச் 7

சிகாகோவின் எலிவேட்டரில், அதாவது தானியத்தை மேலே ஏற்றிச் சேமிக்கும் கிடங்கில், வேகன் கட்டடத்துக்குள்ளேயே போய் நிற்கும். தானியத்தைக் கீழுள்ள குழியில் தள்ளுவார்கள். நீராவி என்ஜின் சுழற்றும் பட்டையில் கோத்த வாளிகள் அதை அள்ளி உச்சிக்கு ஏற்றும். அங்கே எடை போட்டதும் (புஷல் என்பது தானிய அளவு; கோதுமைக்கு 60 பவுண்டு) சரிவுக்குழாய் வழியே குதிருக்குள் விழும். கப்பல் வந்தால் அடிக்குழாயைத் திறந்தால் போதும்.

பத்துப் பேர் சரக்கு ஒரே குதிரில் விழுந்தால் எது யாருடையது? 1856ல் வாரியம் வெள்ளைக் குளிர்காலக் கோதுமை, சிவப்புக் குளிர்காலக் கோதுமை, வசந்தகாலக் கோதுமை என வகுத்தது. அதன்பின் சொந்தக்காரரிடம் இருந்தது ரசீதுதான்: இன்ன தரம், இத்தனை புஷல். தானியம் அசையாமல் ரசீது கைமாறியது. பின்னொரு தேதியில் தானியம் தருவதாகப் போடும் ஒப்பந்தங்களுக்கு 1865ல் விதிகளும் வந்தன.

மார்ச் 11

கோளாறுகள். ஈரக் கோதுமை குதிரில் சூடேறினால் எல்லார் சரக்கும் சேர்ந்து கெடும். உயர்ந்த சரக்கில் தரத்தின் கீழ்வரம்பு தொடும்வரை மட்டமான சரக்கைக் கலந்தால், விலை வித்தியாசம் கிடங்குக்காரருக்கு. இல்லாத தானியத்துக்கும் ரசீது எழுதினார்கள். இல்லினாய் மாநிலம் 1871ல் கிடங்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது; 1877ல் கிடங்குக்காரர் மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது.

மார்ச் 12

மிசிசிப்பியின் முதல் ரயில் பாலம் 1856 ஏப்ரலில், சிகாகோவுக்கு மேற்கே ராக் ஐலண்டில் திறந்தது. மே 6 அன்று 'எஃபி ஆஃப்டன்' படகு அதில் மோதி எரிந்தது. வழக்கில் பாலத்துக்காக வாதாடியவர் லிங்கன். செயின்ட் லூயிஸ் வியாபாரிகள் நின்றது படகின் பக்கம். அவர்கள் ஊரில் ஈட்ஸ் பாலம் (நடு வளைவு 520 அடி) 1874 ஜூலை 4 அன்றுதான் திறந்தது. அதுவரை கீழ்த்திசை ரயில் சரக்கு படகேறி ஆற்றைக் கடந்தது. பனிக்கட்டி அடைத்தால் அதுவும் நின்றது. பாலத்தைக் கட்டிய நிறுவனம் மறு ஆண்டே நொடித்தது.