தம்பியின் கையெழுத்து

எங்கள் கணக்கு ஆசிரியர், 'கணக்கு சேர்', காலமான செய்தியைத் தம்பிதான் வைபரில் சொன்னான். வயது 89. ஒஸ்லோவில் பஸ் தரிப்பிடத்தில் குளிருக்குக் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டபடி நின்றுகொண்டிருந்தேன். செய்தி கேட்டதும் துக்கம் வருவதற்கு முன்பே கைகள் இரண்டும் தாமாக வெளியே வந்துவிட்டன. நமது கல்லூரியில் படித்தவர்களுக்கு இது புரியும்.

கல்லூரி மலர்க்குழு 'இனிய நினைவுகள்' கேட்டிருக்கிறது. இரண்டாம் மணிக்குப் பிறகு கேற்றடியில் நின்ற வரிசையையும் வேப்பமரத்தடித் தேவாரத்தையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத ஒரு விடைத்தாள்தான் இருக்கிறது.

விடைத்தாள் தரும்போது சேர் அதிக புள்ளியில் தொடங்கிக் கீழே இறங்குவார். முப்பதுக்குக் கீழே வந்ததும் குரல் மென்மையாகிவிடும். பிரம்பைவிட அந்த மென்மைக்கே நாங்கள் அதிகம் பயந்தோம். ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் தவணை. எனக்கு 27.

"தம்பி, இதில் தகப்பனார் கையெழுத்து வைத்தால் அவருக்குத்தான் அவமானம். உம்முடைய தம்பி ஆறாம் வகுப்பில் இருக்கிறார் அல்லவா? அவரிடம் வாங்கி வாரும்."

நீண்ட விறாந்தை. எல்லா வகுப்புகளின் ஜன்னல்களும் அந்தப் பக்கமாகவே திறந்திருந்தன. ஆறாம் வகுப்பு ரீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, இரங்கினாரா என்பது இன்றுவரை தெரியாது. தம்பி எழுந்து வந்தான். அதுவரை அவன் கையெழுத்து வைத்ததே இல்லை. பென்சில் முனையை நாக்கில் தொட்டு, முதலெழுத்துடன் தன் முழுப்பெயரையும் வட்ட வட்டமாக எழுதினான். பிறகு அடிமட்டத்தை எடுத்து அதன் கீழே ஒரு கோடும் போட்டான். தாளைத் தரும்போது காதருகே கேட்டான்: "அண்ணா, அப்பாவுக்குச் சொல்லவா, விடவா?"

சேர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். "உம்முடையதைவிட அழகாக இருக்கிறது" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று பாடசாலை முடிந்ததும் என்னைப் போகவிடவில்லை. பின்னத்திலிருந்து தொடங்கி ஆறு கிழமை, தினமும் ஒரு மணித்தியாலம், ஒரு சதம் வாங்காமல் சொல்லித்தந்தார். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு டி வந்தது; அப்போது அதுதான் உச்சச் சித்தி. அந்த டி வந்தது ஆறு கிழமையாலா, தம்பியின் கையெழுத்தாலா என்று நாற்பது வருடங்களாக யோசிக்கிறேன்.

1987இல் நோர்வேக்கு வந்தேன். பெற்றோர் பிள்ளையை அடிப்பதையும் இந்த நாடு சட்டத்தால் தடுத்தது அதே ஆண்டில்தான். பாடசாலைப் பிரம்பு 1936இலேயே ஒழிந்துவிட்டது. சேர் பிறந்த ஆண்டும் அதுதான் என்பதை மரண அறிவித்தலைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவர் இங்கே பிறந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

இங்கே கைக்குழந்தைகளைக் கடுங்குளிரிலும் தள்ளுவண்டியில் வெளியே தூங்கவைக்கிறார்கள். பாலர் பாடசாலையில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுத்துத் தடி சீவப் பழக்குகிறார்கள். மழையில் சேற்றில் உருண்டுவிட்டு வந்தால் 'நல்ல நாள்' என்கிறார்கள். இதற்கெல்லாம் ஒருவாறு பழகிக்கொண்டேன். எட்டாம் வகுப்புக்கு வரும்வரை புள்ளியே கிடையாது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் சந்திப்பு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சிறுவர் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தேன். மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாளா, யார் யாருடன் விளையாடுகிறாள் என்று ஆசிரியை அரைமணி நேரம் பேசினார். பொறுக்கமாட்டாமல், "வகுப்பில் இவளுக்கு எந்த இடம்?" என்று கேட்டேன். ஆசிரியை மலர்ந்த முகத்துடன் கையை நீட்டினார். "அதோ, ஜன்னலோரம், இரண்டாவது மேசை."

அன்றிரவே வீட்டில் ரகசியமாக வாய்ப்பாடு தொடங்கினேன். ஏழாம் வாய்ப்பாட்டில் மூன்றாவது முறையாகப் பிழை விட்டாள். என்னை அறியாமலே அடிமட்டத்தை ஓங்கிவிட்டேன். நானாக இருந்தால் தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டியிருப்பேன். அவளும் கையை நீட்டினாள். ஆனால் கண்ணை மூடவில்லை. நான் எதையோ தருகிறேன் என்று நினைத்து அடிமட்டத்தை வாங்கிக்கொண்டாள். "நன்றி அப்பா" என்று சொல்லிவிட்டு மேசையின் நீளத்தை அளக்கத் தொடங்கினாள்.

பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம்தான். கொஞ்சம் பொறாமையும், அவள்மேல்.

தம்பி யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட்டான். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது அம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவன் அவன். அப்பாவின் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம், பிறகு அவருடைய மரணப் பதிவு, அம்மாவினது, வீட்டு உறுதி என்று மூத்தவன் வைக்க வேண்டிய கையெழுத்துகள் எல்லாவற்றையும் அவன்தான் வைத்தான். நான் பணம் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் பத்திரத்தின் படத்தை எடுத்து அனுப்பிவைப்பான். இன்னமும் முழுப்பெயர்தான், கீழே கோடு. இப்போது அடிமட்டம் இல்லாமலே நேராகப் போடுகிறான்.

சேரின் இறுதிக்கிரியைக்கு முதல்நாள் கல்லூரி மண்டபத்தில் அனுதாபக் குறிப்பேடு வைத்திருந்தார்களாம். அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தான். பழைய மாணவர் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவனுடைய பெயருக்கு மேலே, அதே வட்ட எழுத்தில், என்னுடைய பெயரும் இருந்தது.

"அண்ணா, உங்களுக்கும் சேர்த்து வைத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தான்.